வேதிச் சமநிலை: எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்

ஒரு மோல் அசெட்டிக் அமிலத்தையும் ஒரு மோல் எத்தில் ஆல்கஹாலையும் கலந்து மூடி வைத்தால் எத்தில் அசெட்டேட் என்ற எஸ்டரும் தண்ணீரும் உண்டாகின்றன. ஆனால் எத்தனை நாள் காத்திருந்தாலும் அமிலம் முழுவதும் தீர்ந்துபோவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்டராக மாறியதும் கலவையின் இயைபு அதற்குமேல் மாறாமல் நின்றுவிடுகிறது. மறுமுனையிலிருந்து தொடங்கி, ஒரு மோல் எஸ்டரையும் ஒரு மோல் தண்ணீரையும் கலந்தால், எஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து அதே கலவையில் வந்து நிற்கிறது. இப்படி இரு திசைகளிலும் நடக்கக்கூடிய வினை மீள்வினை. எந்த முனையிலிருந்து புறப்பட்டாலும் வந்து சேரும் அந்த நிலை வேதிச் சமநிலை.

மீள்வினையைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. வினை எவ்வளவு தூரம் போகும்? அங்கே போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்? முதல் கேள்விக்கு வெப்ப இயக்கவியலும் இரண்டாவதற்கு வினைவேகவியலும் விடை சொல்கின்றன. ஒன்றின் விடையை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. சமநிலை பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன. வேதித் தொழிலின் பெரிய வெற்றிகளோ இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, பின்பு ஒன்றுக்காக மற்றொன்றில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்ததால் கிடைத்தவை.

கருத்து உருவான வரலாறு

18ஆம் நூற்றாண்டு வேதியியலில் வினை என்பது பொருள்களுக்கு இடையே உள்ள நாட்டத்தின் விளைவாகக் கருதப்பட்டது. சுவீடன் நாட்டவரான டோர்பெர்ன் பெர்க்மன் 1775இல் வெளியிட்ட நாட்ட அட்டவணைகள் எந்தப் பொருள் எதை அதன் சேர்மத்திலிருந்து வெளியேற்றும் என்பதை வரிசைப்படுத்திக் காட்டின. நாட்டம் மிகுந்தது வெல்லும், குறைந்தது விலகும். அந்த வரிசை தலைகீழாவதற்கு அதில் அதிக இடமில்லை.

இந்த எண்ணத்தை அசைத்தது ஒரு பாலைவன ஏரி. 1798இல் நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்துக்குச் சென்ற அறிஞர்களில் பிரெஞ்சு வேதியியலாளர் குளோத் லூயி பெர்த்தொலேயும் ஒருவர். நட்ரோன் ஏரிகளின் கரையில் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட் படிந்து கிடப்பதை அவர் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டுடன் கால்சியம் குளோரைடைச் சேர்த்தால் சுண்ணாம்புக் கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும். உப்பு கரைசலில் தங்கும். ஏரியில் நடந்திருப்பது இதற்கு நேர் எதிர். சுண்ணாம்புப் பாறையின்மேல் நெடுங்காலமாக ஏராளமான உப்பு நீர் நின்றதும், உண்டான சோடா கரையோரம் படிந்து விலகிக்கொண்டே இருந்ததும் வினையைப் பின்னோக்கித் திருப்பியிருந்தன. வினையின் திசையை நாட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, இருக்கும் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று பெர்த்தொலே முடிவு கட்டினார். 1803இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இதை விரிவாகப் பேசியது.

அளவு திசையை மாற்றும் என்றால் சேர்மத்தின் இயைபையும் மாற்றும் என்று அவர் ஒரு படி மேலே போனதுதான் பிழையாயிற்று. ஜோசப் பிரௌஸ்ட் மாறா விகித விதியை முன்வைத்து அதை மறுத்தார், வெற்றியும் பெற்றார். தோற்ற கருத்தோடு சேர்ந்து சரியான கருத்தும் சுமார் அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. வேதியியலின் வரலாற்றில் இது பெரிய இழப்பு.

அந்த இடைவெளிக்குத் தொழில் உலகம் பணமாகவே விலை கொடுத்தது. ஊது உலையில் இரும்புத் தாதுவைக் கார்பன் மோனாக்சைடு ஒடுக்குகிறது. உலையின் வாயிலிருந்து வெளியேறும் புகையில் அந்த வாயு நிறைய மிஞ்சியிருப்பதைக் கண்ட 19ஆம் நூற்றாண்டு உலைக்காரர்கள், தாதுவும் வாயுவும் கலந்து நிற்கும் நேரம் போதவில்லை என்று நினைத்தார்கள். உலைகளை மேலும் மேலும் உயரமாகக் கட்டினார்கள். மிஞ்சிய வாயுவின் பங்கு குறையவே இல்லை. வினை தன் எல்லையைத் தொட்டுவிட்டது, இனி எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பயனில்லை என்பதைச் சொல்ல அப்போது ஒரு கோட்பாடு இல்லை.

1862இல் மார்செலின் பெர்த்தலோவும் பெயான் த சேன் ழீலும் மேலே சொன்ன எஸ்டர் வினையை விரிவாக அளந்தார்கள். அது மிக மெதுவாக நடக்கும் வினை. அவ்வப்போது சிறிது எடுத்து, எஞ்சிய அமிலத்தைக் காரத்தால் அளப்பது எளிது. இரு முனைகளிலிருந்தும் ஒரே எல்லை கிடைத்தது. இந்த அளவீடுகளின் மேல் நின்றுதான் நார்வேயின் காட்டோ குல்ட்பெர்கும் பீட்டர் வாகேயும் 1864இல் நிறைதாக்க விதியை எழுதினார்கள். மைத்துனர்களான இருவரும் முதலில் நார்வே மொழியில் வெளியிட்டதால் அது வெளியே தெரியவில்லை. 1867இல் பிரெஞ்சிலும் 1879இல் ஜெர்மனிலும் எழுதிய பிறகே வேதியியல் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குள் டச்சுக்காரரான யாகோபஸ் வான்ட் ஹாஃப் தனி வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தார். 1884இல் வெளியான தம் நூலில் அவர் மீள்வினைக்கு இரட்டை அம்புக்குறியைப் பயன்படுத்தினார். சமநிலை வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பதற்கான சமன்பாட்டையும் தந்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது.

ஓயாத இயக்கம்

சமநிலையில் வினை நின்றுவிடுவதில்லை. எஸ்டர் உண்டாகும் வேகமும் சிதையும் வேகமும் சமமாகிவிடுவதால் அளவுகள் மாறாமல் தெரிகின்றன. மூலக்கூறு அளவில் இரு வினைகளும் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. இதனால் இதை இயங்குச் சமநிலை என்கிறார்கள். கண்ணுக்கு எதுவும் நடக்காததுபோல் தோன்றும் ஒன்றை நடக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? கதிரியக்கத் தனிமங்கள் அதற்கு வழி தந்தன. ஈயக் குளோரைடின் நிறைவுற்ற கரைசலில் கதிரியக்க ஈயம் கொண்ட ஈயக் குளோரைடுத் துகளை இட்டால், கரைந்துள்ள ஈயத்தின் மொத்த அளவு கூடுவதில்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் கரைசலில் கதிரியக்கம் ஏறுகிறது. திண்மத்திலிருந்து அயனிகள் கரைசலுக்குள் போகும்போது அதே எண்ணிக்கையில் வேறு அயனிகள் திண்மத்தின்மேல் வந்து படிகின்றன. கதிரியக்கத் தனிமங்களை இப்படித் தடங்காட்டிகளாகப் பயன்படுத்தும் முறையைத் தொடங்கிவைத்த ஹங்கேரிய வேதியியலாளர் ஜார்ஜ் ஹெவெஷி 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வேகங்கள் சமம் என்பதால் செறிவுகளும் சமம் என்று மாணவர் பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. ஹைட்ரஜனையும் அயோடின் ஆவியையும் சம மோல் அளவில் எடுத்து 450 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் சுமார் 78 சதவீதம் ஹைட்ரஜன் அயோடைடாகிச் சமநிலை வருகிறது. மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890களில் இதை இரு முனைகளிலிருந்தும் அளந்து காட்டினார். வேறு வினைகளில் அந்தப் பங்கு 99.99 சதவீதமாகவோ ஒரு சதவீதத்தில் ஒரு துளியாகவோ இருக்கலாம்.

சமநிலை மாறிலி

விளைபொருள்களின் செறிவுகளைப் பெருக்கி, அதை வினைபடு பொருள்களின் செறிவுகளின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், குறித்த வெப்பநிலையில் சமநிலையில் எப்போதும் ஒன்றே. சமன்பாட்டில் ஒரு பொருளின் முன் 2 அல்லது 3 என்ற எண் இருந்தால் அது அச்செறிவுக்கு அடுக்காகும். இந்த எண்ணே சமநிலை மாறிலி. எஸ்டர் வினையில் எஸ்டரும் தண்ணீரும் மூன்றில் இரண்டு, அமிலமும் ஆல்கஹாலும் மூன்றில் ஒன்று. வகுத்தால் 4 வருகிறது. இந்த ஒற்றை எண் கையில் இருந்தால் போதும், செய்து பார்க்காத கலவைகளின் முடிவையும் சொல்லிவிடலாம். ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் ஆல்கஹால் சேர்த்தால் கணக்குப்படி அமிலத்தில் சுமார் 85 சதவீதம் எஸ்டராக வேண்டும். அப்படித்தான் ஆகிறது. உண்டாகும் தண்ணீரை அவ்வப்போது வடித்து எடுத்துக்கொண்டே இருந்தால் வினை ஏறக்குறைய முழுமையடைகிறது. எஸ்டர் தயாரிக்கும் ஆலைகள் செய்வது இதையே.

சமநிலைக்கு வராத கலவைக்கும் இதே வகுத்தலைச் செய்யலாம். வரும் எண் வினை ஈவு. அது மாறிலியைவிடச் சிறியதாக இருந்தால் வினை முன்னோக்கி நகரும். பெரியதாக இருந்தால் பின்னோக்கி நகரும். திசையைக் கண்டறிய இதைவிட நம்பத்தக்க வழி கிடையாது.

தூய திண்மங்களின் செறிவு இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை, ஏனெனில் அது மாறுவதே இல்லை. தமிழகக் கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலை எரித்த சுண்ணாம்புக் காளவாய்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்சியம் கார்பனேட் சிதைந்து சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும் இவ்வினையில் சமநிலை மாறிலி என்பது அந்த வாயுவின் அழுத்தம் மட்டுமே. சுமார் 900 டிகிரியில் அது ஒரு வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. மூடிய பாத்திரத்தில் அந்த அழுத்தம் வந்ததும் சிதைவு நின்றதுபோல் ஆகிவிடும். காளவாய் திறந்திருப்பதால் காற்றோட்டம் வாயுவை அடித்துக்கொண்டு போகிறது. அழுத்தம் ஒருபோதும் அந்த அளவை எட்டாததால் கிளிஞ்சல் முழுவதும் வெந்து சுண்ணாம்பாகிறது.

மாறிலிக்கு ஏன் இந்த வடிவம் என்பதைப் பள்ளிப் பாடங்கள் பொதுவாக வேகத்தைக் கொண்டு விளக்குகின்றன: முன்னோக்கு வேகம் வினைபடு பொருள்களின் செறிவுக்கு ஏற்ப இருக்கும், பின்னோக்கு வேகம் விளைபொருள்களின் செறிவுக்கு ஏற்ப இருக்கும், இரண்டையும் சமன்படுத்தினால் மாறிலி வருகிறது. இது எளிய விளக்கம். ஆனால் அடித்தளம் வலுவானதல்ல. ஒரு வினையின் வேகம் சமன்பாட்டில் உள்ள எண்களைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹைட்ரஜனும் அயோடினும் ஒரே மோதலில் நேரடியாகச் சேர்வதாகப் பல தலைமுறை நூல்கள் எழுதின. 1967இல் ஜான் சல்லிவன் செய்த ஆய்வு, அந்த வினையில் அயோடின் அணுக்கள் இடைநிலைப் பொருளாகப் பங்கேற்பதைக் காட்டியது. விளக்கம் மாறியது, சமநிலை மாறிலியோ சிறிதும் மாறவில்லை. அதன் ஆதாரம் வினை நடக்கும் பாதையில் இல்லை, ஆற்றலில் இருக்கிறது.

ஏன் முழுமையடைவதில்லை

1870களில் அமெரிக்காவின் வில்லர்ட் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் என்ற அளவை வரையறுத்தார். மாறாத வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எந்த மாற்றமும் இந்த ஆற்றல் குறையும் திசையிலேயே தானாக நடக்கும். விளைபொருள்களின் கட்டிலா ஆற்றல் வினைபடு பொருள்களுடையதைவிடக் குறைவு என்றால் வினை கடைசிவரை போய்விட வேண்டியதுதானே என்ற கேள்வி இங்கே எழுகிறது. பொருள்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் வாயுக்களும் கரைபொருள்களும் கலக்கின்றன. கலத்தலே ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியைக் கூட்டிக் கட்டிலா ஆற்றலைக் குறைக்கிறது. முழுவதும் வினைபடு பொருளாக இருப்பதையும் முழுவதும் விளைபொருளாக இருப்பதையும் விட, இரண்டும் கலந்த ஏதோ ஒரு விகிதத்தில் அந்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும். அந்த விகிதமே சமநிலை. காளவாயில் திண்மங்கள் இரண்டும் கலப்பதில்லை என்பதால்தான் வாயுவின் அழுத்தம் குறைவாக இருக்கும்வரை அங்கே சிதைவு முழுமையாகவே நடந்து முடிகிறது.

கட்டிலா ஆற்றல் வேறுபாட்டுக்கும் மாறிலிக்கும் உள்ள தொடர்பு மடக்கை வடிவிலானது. 25 டிகிரியில் ஒரு மோலுக்கு 5.7 கிலோஜூல் வேறுபாடு கூடினால் மாறிலி பத்து மடங்காகிறது. ஆகவே சிறிய ஆற்றல் வேறுபாடுகளும் மிகப் பெரிய எண்களைத் தந்துவிடும். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் வினைக்கு அறை வெப்பநிலையில் மாறிலி ஒன்றுக்குப் பின் 83 சுழியங்கள் இட்ட எண்ணின் அளவுக்கு வருகிறது. ஆனாலும் அவ்விரு வாயுக்களையும் கலந்து வைத்தால், தீப்பொறியோ வினையூக்கியோ படாதவரை, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். போகவேண்டிய தூரத்தைச் சொல்லும் எண்ணுக்கு வேகத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

சமநிலையை நகர்த்துதல்

பிரெஞ்சுக்காரரான ஹென்றி லீ சாட்லியர் 1884இல் வெளியிட்டு 1888இல் செம்மைப்படுத்திய தத்துவம் பாடநூல்களில் மிகுதியாகப் பயன்படுகிறது. சமநிலையில் உள்ள அமைப்பில் ஒரு மாற்றத்தைச் செய்தால், அம்மாற்றத்தின் விளைவை ஓரளவு குறைக்கும் திசையில் சமநிலை நகரும். வினைபடு பொருளைக் கூட்டினால் முன்னோக்கி நகரும். அழுத்தத்தைக் கூட்டினால் வாயு மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும் பக்கம் நகரும். வெப்பநிலையைக் கூட்டினால் வெப்பம் கொள்ளும் திசையில் நகரும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு செம்பழுப்பு நிற வாயு. இரண்டு மூலக்கூறுகள் இணைந்தால் நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. இணையும்போது வெப்பம் வெளிப்படுவதால், மூடிய குடுவையை வெந்நீரில் வைத்தால் நிறம் அடர்கிறது, பனிக்கட்டியில் வைத்தால் வெளிறுகிறது. கோபால்ட் குளோரைடு கரைசல் சூட்டில் நீலமாகவும் குளிரில் இளஞ்சிவப்பாகவும் மாறுவதும் இதே வகை. எஸ்டர் வினையில் வெப்பம் ஏறத்தாழ வெளிப்படுவதும் இல்லை, உட்கொள்ளப்படுவதும் இல்லை. அதனால் அதைச் சூடாக்கினால் எல்லை மாறாது, அங்கே போய்ச் சேரும் காலம் மட்டும் குறையும்.

செறிவும் அழுத்தமும் சமநிலையின் இடத்தை மாற்றினாலும் மாறிலியைத் தொடுவதில்லை. வெப்பநிலை ஒன்றே மாறிலியை மாற்றும். வினையூக்கி இரண்டையும் மாற்றாது. அது முன்னோக்கு வினையையும் பின்னோக்கு வினையையும் ஒரே மடங்கு விரைவுபடுத்துகிறது.

தத்துவம் நினைவில் வைக்க எளிது. கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கதல்ல. கன அளவு மாறாத பாத்திரத்தில் ஆர்கானைச் செலுத்தினால் மொத்த அழுத்தம் ஏறுகிறது, ஆனால் வினையில் ஈடுபடும் வாயுக்களின் பகுதி அழுத்தங்கள் மாறாததால் சமநிலை நகர்வதில்லை. மொத்த அழுத்தத்தை மாற்றாமல் ஆர்கானைச் சேர்த்தாலோ கன அளவு பெருகுகிறது. மூலக்கூறுகள் அதிகமுள்ள பக்கம் சமநிலை நகர்கிறது. இதைவிட வியப்பானதும் உண்டு. அம்மோனியா சமநிலையில், மாறா அழுத்தத்தில், நைட்ரஜன் ஏற்கெனவே கலவையில் பாதிக்கு மேல் இருக்கும்போது மேலும் நைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா கூடுவதற்குப் பதிலாகச் சிதைகிறது. சேர்த்ததைக் குறைக்கும் திசை என்ற வாய்பாட்டை மட்டும் நம்புபவர் இங்கே தவறான விடையையே தருவார். வினை ஈவைக் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு விடை தவறாது. கற்பிக்கும்போது லீ சாட்லியரோடு நின்றுவிடாமல் ஈவையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

அம்மோனியா: இரு கேள்விகளும் மோதிய இடம்

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியாவாகும் வினையில் நான்கு மூலக்கூறுகள் இரண்டாகின்றன. இரண்டு மோல் அம்மோனியாவுக்கு சுமார் 92 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே குளிரும் அழுத்தமும் சாதகம். 25 டிகிரியில் மாறிலி பல லட்சம் என்ற அளவில் இருக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்தால் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் தாமே அம்மோனியாவாக வேண்டும். ஆனால் நைட்ரஜனின் அணுக்களைப் பிணைக்கும் முப்பிணைப்பு மிக உறுதியானது. அறை வெப்பநிலையில் வேகம் சுழியம் என்றே சொல்லலாம். சூடாக்கினால் வேகம் வருகிறது, தூரம் போய்விடுகிறது.

சாதாரண அழுத்தத்தில், ஒன்றுக்கு மூன்று என்ற விகிதக் கலவையில், 200 டிகிரியில் சமநிலை அம்மோனியா 15 சதவீதம். 400 டிகிரியில் அரை சதவீதத்துக்கும் கீழ். 600 டிகிரியில் ஆயிரத்தில் அரைப் பங்கு. அழுத்தத்தை 100 வளிமண்டலம் ஆக்கினால் 400 டிகிரியில் 25 சதவீதமும் 500 டிகிரியில் 10 சதவீதத்துக்குச் சற்று மேலும் கிடைக்கின்றன. 300 வளிமண்டலத்தில் இவை முறையே 47 ஆகவும் 26 ஆகவும் உயர்கின்றன.

உயர் அழுத்தம் தேவை என்பதை லீ சாட்லியரே முன்கூட்டி உணர்ந்திருந்தார். 1901இல் அவர் முயன்றபோது கலவையில் காற்று புகுந்து கருவி வெடித்தது, முயற்சியைக் கைவிட்டார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1904 முதல் இதை ஆராயத் தொடங்கினார். சுமார் 1,000 டிகிரியில் அவர் கண்ட அம்மோனியா ஒரு சதவீதத்தில் இருநூறில் ஒரு பங்கு. தொழிலுக்கு இது உதவாது என்றே அவரும் முதலில் கருதினார். தம் வெப்பத் தேற்றத்தின்படி சமநிலையைக் கணக்கிட்டிருந்த வால்டர் நெர்ன்ஸ்ட், ஹேபரின் எண்கள் அதிகம் என்று 1907இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சர்ச்சை ஹேபரைத் துல்லியமான அளவீடுகளுக்கும் உயர் அழுத்தத்துக்கும் தள்ளியது. அவருடன் பணியாற்றிய ராபர்ட் லெ ரொசிஞோல் அந்த அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகளையும் கருவியையும் வடிவமைத்தார்.

ஹேபரின் தீர்வில் நுட்பமான பகுதி சுழற்சி. ஒருமுறை வினையூக்கியைக் கடக்கும் வாயுவில் சிறு பங்குதான் அம்மோனியாவாகிறது. கலவையைக் குளிர்வித்தால் அம்மோனியா மட்டும் திரவமாகிப் பிரிகிறது. மிஞ்சிய நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மீண்டும் உலைக்கே திரும்புகின்றன. சமநிலை தரும் பங்கு சிறியதாக இருந்தாலும், விளைபொருளை விலக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் மூலப்பொருள் ஏறக்குறைய முழுவதும் பயன்பட்டுவிடும். எகிப்திய ஏரிக்கரையில் சோடா படிந்து விலகியபோது இயற்கை செய்ததும் இதுவே. 1909 ஜூலையில் ஆஸ்மியம் வினையூக்கியுடன் இயங்கிய மேசைக் கருவியை ஜெர்மன் வேதி நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப்.பைச் சேர்ந்தவர்கள் நேரில் பார்த்தார்கள்.

ஆஸ்மியம் உலகிலேயே மிக அரிதாகக் கிடைக்கும் உலோகங்களில் ஒன்று. அந்நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, சிறிது அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்பே போதும் என்று கண்டார். அங்கேயே பணியாற்றிய கார்ல் போஷ் உலையின் சிக்கலைத் தீர்த்தார். உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகிலுள்ள கார்பனைத் தின்று சுவரை நொறுங்கச் செய்தது. உள்ளே மென்னிரும்பு உறையும் வெளியே துளையிட்ட எஃகுச் சுவருமாக அவர் அமைத்த உலை அதைத் தாங்கியது. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மூண்ட முதல் உலகப் போரில் அதே அம்மோனியா ஜெர்மனியின் வெடிமருந்துக்கும் போயிற்று. ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் போஷுக்கு 1931ஆம் ஆண்டுக்கானதும் கிடைத்தன.

இன்றைய ஆலைகள் பெரும்பாலும் 400 முதல் 500 டிகிரி வெப்பநிலையிலும் 100 முதல் 250 வளிமண்டல அழுத்தத்திலும் இயங்குகின்றன. இந்த எண்கள் தூரத்துக்கும் உகந்தவை அல்ல, வேகத்துக்கும் உகந்தவை அல்ல; இரண்டையும் ஆலையின் செலவையும் சேர்த்துப் பார்த்துக் கண்ட நடுவழி. தூத்துக்குடியிலும் மணலியிலும் யூரியா தயாரிக்கும் ஆலைகள் நிற்பதும் இந்த வினையின் மேல்தான்.

கந்தக அமிலத் தொழிலில் நிலைமை இவ்வளவு கடினமானதல்ல. கந்தக டை ஆக்சைடு ட்ரை ஆக்சைடாகும் வினையும் வெப்பம் உமிழ்வதே. ஆனால் வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியுடன் 400 டிகிரியைச் சற்றுத் தாண்டிய நிலையில் சாதாரண அழுத்தத்திலேயே சமநிலை பெரிதும் விளைபொருள் பக்கம் இருக்கிறது. அடுக்கடுக்கான வினையூக்கிப் படுகைகளுக்கு இடையே வாயுவைக் குளிர்வித்து 98 சதவீதத்துக்கும் மேல் மாற்றிவிடுகிறார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் கிடைக்கும் சிறு ஆதாயம் அதற்கான செலவுக்கு ஈடாகாது.

கரைசலில் அயனிகள்

சமநிலைக் கருத்து மிகுதியாகப் பயன்படுவது தண்ணீரில். தூய நீரே சிறிதளவு அயனியாகிறது. 25 டிகிரியில் ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி இரண்டின் செறிவுகளின் பெருக்கம் நூறு லட்சம் கோடியில் ஒன்று. நடுநிலையின் பிஎச் 7 என்பது இதிலிருந்து வருகிறது. வெப்பநிலை ஏறினால் இந்தப் பெருக்கமும் ஏறும். 60 டிகிரியில் நடுநிலை நீரின் பிஎச் சுமார் 6.5 தான். அதனால் அந்த நீர் அமிலமாகிவிடவில்லை.

அசெட்டிக் அமிலம் லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் 1.3 சதவீதம்தான் அயனியாகிறது. பத்து மடங்கு நீர்த்தால் அது 4 சதவீதத்தைத் தாண்டுகிறது. நீர்க்க நீர்க்க அயனியாதல் கூடும் என்ற இவ்விதியை வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1888இல் வகுத்தார். அரிதில் கரையும் உப்புகளுக்குக் கரைதிறன் பெருக்கம் என்ற மாறிலி உண்டு. பேரியம் அயனி நஞ்சு. ஆனால் பேரியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் மிகச் சிறியது என்பதால் குடல் எக்ஸ்ரே எடுக்க நோயாளிகள் அதைக் குழம்பாகவே குடிக்கிறார்கள். கரைசலில் மிஞ்சும் பேரியத்தின் அளவு தீங்கு செய்யாத அளவுக்கு நுண்ணியது.

உடலும் கடலும்

ஹீமோகுளோபினும் ஆக்சிஜனும் சேர்வது மீள்வினை. நுரையீரலில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். அங்கே ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. ஓய்வில் உள்ள தசைகளில் அது சுமார் 40. அங்கே ஏற்றிவந்ததில் நான்கில் ஒரு பங்கு இறங்குகிறது. கார்பன் மோனாக்சைடு அதே இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டுகிறது. ஆனால் அதுவும் மீள்வினையே என்பதில்தான் சிகிச்சைக்கு இடமிருக்கிறது. நச்சுப்புகையில் சிக்கியவருக்குத் தூய ஆக்சிஜனைக் கொடுக்கும்போது சமநிலை திரும்புகிறது. சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறையும் நச்சு, தூய ஆக்சிஜனில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிறது.

குருதியின் பிஎச் 7.4 அளவில் நிற்பதற்குக் கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் ஒன்றுக்கு இருபது என்ற விகிதத்தில் இருப்பது முக்கியக் காரணம். மூடிய குடுவையில் இந்த இணை அவ்வளவு நல்ல தாங்கல் கரைசல் அல்ல. உடலில் அது திறம்பட இயங்குவது நுரையீரல் கார்பன் டை ஆக்சைடையும் சிறுநீரகம் பைகார்பனேட்டையும் தொடர்ந்து சரிசெய்வதால். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடுபவருக்கு அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறி, குருதி காரத்தன்மை அடைந்து, விரல்கள் மரத்துப்போகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உடலின் அளவுகள் மாறாமல் இருப்பதெல்லாம் சமநிலை அல்ல. பொருளும் ஆற்றலும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் அமைப்பில் அளவுகள் நிலையாகத் தெரிவது நிலைத்த ஓட்டம். மூடிய அமைப்பில், எந்த நிகர ஓட்டமும் இல்லாமல் வருவதே சமநிலை. உயிரணுவுக்குள் தனித்தனி வினைகள் சில சமநிலைக்கு மிக அருகில் இருந்தாலும் உயிரணு முழுமையும் அதிலிருந்து விலகியே இயங்குகிறது. உணவின் கட்டிலா ஆற்றல் அந்த விலக்கத்தைக் காத்து வருகிறது.

கடலிலும் கார்பனேட் சமநிலைகளே ஆட்சி செய்கின்றன. காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு, நீரிலுள்ள கார்பனேட் அயனியோடு சேர்ந்து பைகார்பனேட்டாகிறது. காற்றில் அந்த வாயு கூடக்கூடக் கார்பனேட் குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் இன்று 8.1 அளவில் இருக்கிறது. எண்ணில் சிறிதாகத் தெரியும் இந்தச் சரிவு ஹைட்ரஜன் அயனிகளில் கால் பங்குக்கும் மேலான உயர்வைக் குறிக்கிறது. பவளங்களும் கிளிஞ்சல்களும் தங்கள் கூட்டைக் கட்டுவது கால்சியமும் கார்பனேட்டும் திண்மமாகப் படியும் மீள்வினையால். கார்பனேட் குறையும்போது படிவது கடினமாகிறது, கரைவது எளிதாகிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் உட்பட வெப்பக் கடல்களின் பவளங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நீர் சூடேறுவதால் வரும் வெளிறலும் அவற்றை ஒரே காலத்தில் தாக்குவதால், எவ்வளவு இழப்புக்கு எது காரணம் என்று பிரித்தறிய இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது.